ஒரே வரப்பு, ஒரே பந்தி

(திருச்சி தென்னூரில் உழவர்களும் வேளாண் மாணவர்களும் கூடிய கலந்துரையாடலில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் உங்கள் முன் நின்றால் விதையளவு, பயிர் இடைவெளி, மேலுரம், களை நிர்வாகம் என்றுதான் பேசுவேன். இன்று அவற்றைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, விளைச்சல் களத்திலிருந்து கிளம்பிய பிறகு நடப்பதைப் பேச விரும்புகிறேன். விளைந்ததை யார் சமைக்கிறார்கள்? யார் முதலில் உண்கிறார்கள்? யார் யாருடன் அமர்ந்து உண்கிறார்கள்? இதுவே இன்றைய பொருள்.

இதற்கும் உழவியலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பயிர்த்தொழில் களத்துமேட்டோடு முடிவதில்லை. விளைந்தது ஒருவர் வயிற்றுக்கு மரியாதையோடு போய்ச் சேரும்போதுதான் முடிகிறது. அந்தக் கடைசி அடியில் நாம் இன்னும் சறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் எண்ணம்.

சந்தையில் எழாத கேள்வி

நாம் கூடியிருக்கும் இந்தத் தென்னூரில் உழவர் சந்தை இருப்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். உங்களில் சிலர் விடியற்காலையில் மூட்டையோடு அங்கே வந்து விற்றுவிட்டுத்தான் இங்கு வந்திருக்கிறீர்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. தரகு கிடையாது, தராசுக்கு வாடகை கிடையாது, அடையாள அட்டை உள்ள உழவர் தாமே விற்கலாம். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகவும் விலை அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. விளைவித்தவருக்கும் நியாயம், வாங்குபவருக்கும் நியாயம்.

அந்தச் சந்தையில் இன்னொரு நியாயமும் ஓசையின்றி நடக்கிறது. கத்தரிக்காய் வாங்க வரும் அம்மையார் விலையைக் கேட்கிறார். சொத்தை இருக்கிறதா என்று பார்க்கிறார். அதைப் பறித்த கை எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று அவர் கேட்பதில்லை.

அதே கத்தரிக்காய் குழம்பாகிப் பள்ளிக்கூடத்துத் தட்டில் விழும்போது, சமைத்தவர் யார் என்று சிலர் கேட்கிறார்கள். அதே வயலில் தேநீர் ஊற்றும்போது, யாருக்கு எந்தக் குவளை என்று நம்மில் பலர் பார்க்கிறோம். காயாக இருந்தபோது எழாத கேள்வி சோறானதும் ஏன் எழுகிறது? இதை நாம் நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நூறு ஆண்டுப் பழைய வழக்கு

இந்தக் கேள்வி புதிதன்று. இதே கேள்வி நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்விக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து, தமிழ்நாட்டையே உலுக்கியது. அதற்கும் நம் திருச்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நம் நகரத்து வரகனேரியில் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். நாட்டு விடுதலைக்காகத் துன்பங்கள் ஏற்றவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர் 1922இல் நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கவும் உழைக்கவும் ஏற்பட்ட இடம் அது. பொதுமக்களின் பணமும் தமிழ்நாடு காங்கிரசின் நிதியும் அதற்குச் சென்றன. ஆனால் அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டது. அவர்களின் பெற்றோர் அவ்வாறு வேண்டினர் என்பது காரணம்.

செய்தி வெளியே வந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கடுமையாக எதிர்த்தனர். ஊர்தோறும் கூட்டங்கள், பத்திரிகைகளில் வாதங்கள். 1925 ஏப்ரலில் நம் திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் குழு, பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதை ஏற்க இயலாத சிலர் பதவி விலகினர்.

ஐயரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாட்டுக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த ஒருவர்கூடப் பந்தியில் வந்து தடுமாறினார் என்றால், நாமும் தடுமாறக்கூடும் என்று உணர்வதற்காகவே சொல்கிறேன். பாடத்தை ஒன்றாகப் படித்துவிட்டுச் சோற்றைத் தனித்தனியே உண்ணும் பிள்ளை, இரண்டாவது பாடத்தைத்தான் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

பின்னர் 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று 15ஆம் பிரிவில் விதித்தது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் நுழையும் வேகத்தில் பழக்கம் வெளியேறுவதில்லை.

நம் நெல்லில் வளர்ந்த மதிய உணவு

பழக்கத்தை மாற்றிய பெரிய கருவி ஒன்று உண்டென்றால், அது பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுதான். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள தன் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு.

1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டம் உருவாயிற்று. தொடக்கத்தில் அரசுப் பணத்தை மட்டும் நம்பி அது நடக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களும் உழவர்களும் நெல்லும் பருப்பும் காய்கறியும் விறகும் கொடுத்தனர். இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களின் தகப்பனார்களும் ஒரு மரக்கால் நெல் அளந்து கொடுத்திருக்கக்கூடும். ஆகவே அந்தத் திட்டத்தை அரசு நமக்குத் தந்த சலுகை என்று மட்டும் கருத வேண்டாம். அதில் உழவன் வீட்டு நெல்லும் இருக்கிறது.

அடுத்த பெரிய அடி நம் மாவட்டத்திலேயே வைக்கப்பட்டது. 1982 ஜூலை 1 அன்று திருவெறும்பூரை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் கிராமப்புறத்தில் 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு. அதே ஆண்டிலேயே நகர்ப்புறத்துக்கும். 1984இல் 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் அது விரிந்தது. பின்னர் முட்டை சேர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வந்தது. வாழை விளைவிக்கும் திருச்சி உழவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கி, 2023 ஆகஸ்டு முதல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

பசியைத் தீர்த்தது ஒரு பயன். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே அண்டாவின் சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டார்கள் என்பது அதைவிடக் குறையாத இன்னொரு பயன். ஊரில் நூறு கூட்டம் போட்டுச் சாதிக்க முடியாததை ஒரு மதிய மணி ஓசையின்றிச் செய்துவந்தது.

சமைத்த கை

2001இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களிலும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2004இல், சமையல் பணியில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை வேண்டும் என்றும் கூறியது. உண்பவர் வரிசையில் இருந்த சமத்துவம் அடுப்படிக்கும் வர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இங்கேதான் பழக்கம் மீண்டும் தலைதூக்கியது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சமையல் செய்ய வந்த பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் ஒரு சாரார் எதிர்த்தனர். முதலில் அந்த அம்மையாரையே வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். கண்டனம் எழுந்த பிறகுதான் அந்த மாற்றம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2023 செப்டம்பரில் நமக்கு அண்டை மாவட்டமான கரூரில், வேலன்செட்டியூர் தொடக்கப் பள்ளியிலும் இதே நிலை. பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தனர். மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, அந்த உணவைத் தாமும் உண்டு, பெற்றோரிடம் பேசினார்.

ஆட்சியர் செய்தது நற்செயல். ஆனால் ஒரு கரண்டி உப்புமாவுக்கு ஆட்சியர் வர வேண்டிய நிலை நம் ஊர்களுக்கு வரலாமா? அந்த அடுப்பில் வெந்த வெங்காயமும் கறிவேப்பிலையும் நம் வயலில் விளைந்தவை. நாற்று நட்டதும் களை பறித்ததும் அந்த அம்மையாரின் உறவினர் கைகளாகவே இருந்திருக்கலாம். நட்ட கை கூடும், அறுத்த கை கூடும், சமைத்த கை மட்டும் கூடாது என்பதற்கு எந்தக் கணக்கும் ஒத்துவராது.

தூக்குவாளி சொன்ன செய்தி

பிறர் ஊரைப் பற்றியே பேசினேன். என் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். நானும் உழவர் வீட்டுப் பிள்ளைதான். சிறுவனாக இருந்தபோது நடவு நாட்களில் தண்ணீர்ச் சொம்பை வயலுக்குத் தூக்கிச் செல்வது என் வேலை. நடவுப் பெண்கள் வரப்போரம் குனிந்து இரு கைகளையும் குவித்து நிற்பார்கள். நான் மேலிருந்து ஊற்றுவேன். சொம்பு அவர்கள் கையில் படாமல் ஊற்ற வேண்டும் என்று என் பாட்டி சொல்லியிருந்தார். என் தாய் வயதுடையவர்கள் அவர்கள். அன்று எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. அதை நினைக்கும்போது இன்று வெட்கமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இறுதியாண்டு மாணவர்கள் கிராமப் பயிற்சிக்காகக் காவிரிப் பாசன ஊர் ஒன்றில் தங்கியிருந்தார்கள். பெயர் வேண்டாம், அது எந்த ஊராகவும் இருக்கலாம். நடவு நடந்த வயலுக்குச் சென்ற ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி வந்தாள். வயலுக்குச் சொந்தக்காரருக்கும் எங்கள் மாணவர்களுக்கும் எவர்சில்வர் டம்ளரில் தேநீர். நடவுப் பெண்களுக்குக் காகிதக் குவளை. பெண்களில் பாதிப் பேர் தேநீர் வாங்காமல், தாம் கொண்டுவந்த தூக்குவாளியிலிருந்து குடித்தார்கள். ஏன் என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

அன்று மாலை ஊர் மந்தையில் உழவர்களும் தொழிலாளர்களும் மாணவர்களும் அமர்ந்து பேசினோம். பேச்சு வழக்கம்போல "ஆள் கிடைப்பதில்லை" என்பதில் தொடங்கியது. மாணவி எழுந்து தூக்குவாளியைப் பற்றிக் கேட்டாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நடவுப் பெண்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "அவங்களுக்கு டம்ளரு, எங்களுக்குக் காகிதம். அதைப் பார்த்துக்கிட்டே குடிக்கிறதுக்கு எங்க வீட்டுத் தண்ணியே மேலும்மா. அதான் கொண்டாறோம்."

வயலுக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதர். கூலியை ஒருநாளும் நிறுத்தி வைக்காதவர். அவர் திகைத்துப் போனார். "இத்தனை வருசமா அது உங்க பழக்கம்னு நினைச்சேனே, சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். "கேட்டாத்தானேய்யா சொல்ல முடியும்" என்றார் அந்த அம்மையார்.

மறுநாள் அவர் ஒரு டசன் டம்ளர் வாங்கி வயலுக்குக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே டம்ளர். வீட்டில் அவருடைய தாயாருக்கு இது பிடிக்கவில்லை. அந்த டம்ளர்களை வீட்டுப் பாத்திரத்தோடு சேர்க்கவும் விடவில்லை. அவரே வாய்க்காலில் கழுவிக் கொட்டகையில் வைத்துக்கொள்கிறார். மாற்றம் வயல் வரைதான் வந்திருக்கிறது. வீட்டு வாசலை இன்னும் தாண்டவில்லை. ஆனாலும் அந்த வயலுக்கு இப்போது தூக்குவாளிகள் வருவதில்லை.

இதில் எங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. கல்லூரியில் நாங்கள் தயாரிக்கும் கணக்கெடுப்புப் படிவத்தில் ஏக்கருக்கு எத்தனை ஆள், என்ன கூலி என்று கட்டம் இருக்கும். அந்த ஆள் எதில் தேநீர் குடிக்கிறார் என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. கேட்காதது எங்கள் குற்றம். கேள்வி கேட்பதும் விரிவாக்கப் பணிதான் என்பதை அந்த மாணவி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

வீட்டுப் பந்தி

வயலிலும் பள்ளியிலும் உள்ள பந்தியைப் பார்த்தோம். வீட்டிலும் ஒரு பந்தி இருக்கிறது. முதலில் ஆண்கள், அடுத்துப் பிள்ளைகள், கடைசியில் அம்மா. குழம்பில் காய் தீர்ந்து, பருப்பு அடிமட்டத்துக்குப் போன பிறகே அவர் தட்டெடுக்கிறார். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. கடைசித் தட்டும் அவற்றுள் ஒன்று.

நாம் உண்ணும் பொருளிலும் உயர்வு தாழ்வு கற்பித்தோம். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் கூலியாள் உணவு, நெல்லுச்சோறு கௌரவம் என்று ஒரு தலைமுறை நினைத்தது. அதனால் மானாவாரி நிலத்துச் சோளமும் வரகும் தட்டைவிட்டு மறைந்தன. இன்று அதே தானியம் நகரத்தில் அழகிய பொட்டலத்தில் கூடுதல் விலைக்கு விற்கிறது. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. தானியம் மாறவில்லை, அதைப் பார்த்த நம் கண்தான் மாறியது. குவளை விஷயத்திலும் கண் மாறினால் போதும்.

நாம் செய்யக் கூடியவை

உழவர் பெருமக்களே, பேச்சோடு நிறுத்தாமல், உங்களால் உடனே செய்யக் கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

1. வரும் நடவுக்கு முன் எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கிக் கொட்டகையில் வையுங்கள். நீங்கள் குடிக்கும் டம்ளரும் அதுவாகவே இருக்கட்டும். காகிதக் குவளைதான் என்றால் உங்களுக்கும் காகிதக் குவளையே.

2. வேலையாட்களுடன் அதே வரப்பில் அமர்ந்து உண்ணுங்கள். எது குறை என்று அவர்களிடம் கேளுங்கள். பதில் வரச் சில நாள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

3. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பங்கு கொள்ளுங்கள். மாதம் ஒருமுறையேனும் பள்ளிக்குச் சென்று, பிள்ளைகளுடன் அமர்ந்து அந்த உணவை உண்ணுங்கள். சமைப்பவரின் சாதியைக் காட்டி யாராவது முணுமுணுத்தால், ஆட்சியர் வரும்வரை காத்திராமல் முதல் குரலாக நீங்களே மறுத்துப் பேசுங்கள். ஊரில் நிலம் உள்ளவர் சொல்லுக்கு இன்னும் ஒரு மதிப்பு இருக்கிறது. அதை இதற்குப் பயன்படுத்துங்கள்.

4. பள்ளியில் கை கழுவும் நீர் வீணாகாமல் ஒரு காய்கறித் தோட்டம் அமையுங்கள். பி.கே.எம். 1 செடிமுருங்கையை 2.5 மீட்டர் இடைவெளியில், ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழிகளில் தொழுஉரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி விதைக்கலாம். செடி 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இடையில் சிறுகீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். கறிவேப்பிலையும் பப்பாளியும் ஓரத்தில் நடலாம். விதையும் நாற்றும் நீங்கள் தாருங்கள். பாத்தி பிடிக்க எங்கள் மாணவர்கள் வருவார்கள்.

5. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, வயலில் மெழுகுபதம் இருக்கும்போதே உளுந்தோ பச்சைப் பயறோ விதையுங்கள். பூக்கும் தருணத்திலும் அதற்கு 15 நாள் கழித்தும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் மகசூல் கூடும். விளைந்ததில் முதல் மூட்டையை வீட்டுக்கு ஒதுக்குங்கள். அம்மாவும் பிள்ளைகளும் அப்பாவும் ஒரே வேளையில் தட்டெடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. ஆனால் செய்வது எளிதன்று என்பதை நான் அறிவேன். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். பங்காளி கேலி பேசலாம். புதிய நெல் ரகம் வந்தபோதும் பக்கத்து வயல்காரர் முதலில் சிரிக்கத்தான் செய்தார். கதிர் முற்றிய பிறகு அவரே விதை கேட்டு வந்தார். நல்ல பழக்கமும் அப்படித்தான் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் பரவும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை வேளாண் அலுவலராகி ஊர்களுக்குச் செல்வீர்கள். மண்ணை ஆய்வுசெய்ய மாதிரி எடுக்கும்போது, அந்த வயலின் வரப்பில் யார் எதில் தேநீர் குடிக்கிறார்கள் என்பதையும் கண் திறந்து பாருங்கள். பார்த்ததைக் கேளுங்கள். கேட்டதை மறைக்காமல் எழுதுங்கள்.

நாளை விடியற்காலை தென்னூர்ச் சந்தையில் நீங்கள் காயைத் தராசில் வைக்கும்போது, அதை வாங்குபவர் உங்கள் சாதியைக் கேட்கப் போவதில்லை. அந்த நியாயத்தை நாம் பெற்றுக்கொள்கிறோம். அதே நியாயத்தை நம் வரப்பில் நிற்பவருக்கும், நம் பிள்ளைக்குச் சோறு சமைப்பவருக்கும் நாம் கொடுக்க வேண்டும்.